மூவாயிரம் வெள்ளி மெஷின் ஏன் தையல் விடுது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. தீபாவளி ஆர்டர் நெருங்கும் நேரத்தில் வந்தவை என்பதால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கோபமும் இருந்தது. அந்தப் பகுதியைக் குறைத்துவிட்டு விஷயத்தை மட்டும் வைத்திருக்கிறோம். பதில் சொல்பவர் மெஷின் வேலை தெரிந்த மூத்தவர் ஒருவர்.

அண்ணே, 2,800 வெள்ளி கொடுத்து கம்ப்யூட்டர் மெஷின் வாங்கினேன். காட்டன் நல்லா தைக்குது. ஜார்ஜெட் பிளவுஸ் வச்சா முதல் தையலிலேயே துணியை உள்ளே இழுத்துக்குது, அடியில நூல் கூடு கட்டுது. டென்ஷனை எல்லா நம்பர்லயும் வச்சுப் பார்த்துட்டேன்.

முதலில் டென்ஷனை 4-க்குத் திருப்புங்கள் தங்கச்சி. இதில் இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது, தனித்தனியாகப் பார்க்கணும்.

கூடு அடியில் தெரிவதால் எல்லாரும் அடி நூல் சுற்றிய பாபினைத்தான் சந்தேகப்படுவார்கள். குற்றவாளி மேலிருந்து வரும் நூல்தான். டென்ஷன் என்பது நூலை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு வட்டத் தகடுகள். துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கினால் அவை விலகும், இறக்கினால் நெருங்கிப் பிடிக்கும். ஃபுட் கீழே இருக்கும்போது நூல் கோத்தால் நூல் தகடுகளுக்கு இடையில் இறங்காமல் விளிம்பிலேயே தங்கிவிடும். அப்புறம் டயலை 2-ல் வைத்தாலும் 8-ல் வைத்தாலும் ஒன்றுதான். பிடிக்க அங்கே நூலே இல்லை. தளர்ந்த நூலை ஹூக், அதாவது அடியில் சுற்றும் கொக்கி, கீழே இழுத்துக் குவித்துவிடும்.

நூலை முழுசா உருவிவிடுங்கள். ஃபுட்டைத் தூக்குங்கள். கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகத் திருப்பி ஊசியை உச்சிக்குக் கொண்டு வாருங்கள். அப்போதுதான் நூல் தூக்கியின் கண் வெளியே வரும். நூல்கண்டு பக்கம் ஒரு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு நூலைக் கோத்து வாருங்கள். ஊசியில் நுழைக்கும் முன் ஃபுட்டை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள். இழுபட மறுத்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் மறுபடியும் கோக்கணும்.

அடுத்தது துணி உள்ளே போவது. ஜிக்ஜாக் போடும் மெஷினில் ஊசித் தகட்டின் ஓட்டை 7 அல்லது 9 மில்லிமீட்டர் அகலம். மெல்லிய ஜார்ஜெட்டைத் தடித்த ஊசி குத்தித் தள்ளினால் அந்தப் பள்ளத்தில்தான் போய் விழும். பெட்டியோடு வந்த ஊசி பெரும்பாலும் 14/90. அதைக் கழற்றி 11/75 போடுங்கள், ரொம்ப மெல்லிசு என்றால் 9/65. தையல் நீளம் 2 மில்லிமீட்டர். ஓரத்தில் தொடங்காமல் இரண்டு விரல் அகலக் கழிவுத் துணியில் ஆரம்பித்து அப்படியே ஜார்ஜெட்டுக்குள் ஓட்டுங்கள். முதல் மூன்று தையலுக்கு இரண்டு நூல் நுனிகளையும் பின்பக்கம் பிடித்திருங்கள். உங்கள் மாடலுக்கு ஒற்றை ஓட்டைத் தகடு கிடைத்தால் வாங்கிவிடலாம், பிளவுஸ் தைப்பவருக்கு அது வீண் செலவில்லை. அதைப் போட்டுக்கொண்டு மறதியாக ஜிக்ஜாக் அழுத்தினால் மட்டும் ஊசி உடையும்.

லெகிங்ஸ் துணியில தையல் விட்டு விட்டு விழுது. மெஷின் வாங்கி நாலு மாசம்தான். டைமிங் போயிருச்சு, 180 வெள்ளின்னு ஒருத்தர் சொல்றார்.

180 வெள்ளிக்கு முன்னால் பத்து வெள்ளிக்குள் ஒரு ஊசி வாங்கிப் பார்த்துவிடலாம் அக்கா. ஊசி அடிமட்டத்துக்குப் போய் 2 மில்லிமீட்டர் சொச்சம் மேலே ஏறும்போது அதன் முதுகில் நூல் சின்னதாக ஒரு வளையம் விடும். ஹூக்கின் மூக்கு அந்த வளையத்துக்குள் நுழைந்தால்தான் தையல். லெகிங்ஸ் துணியில் இருக்கும் இழுபடும் இழையான லைக்ரா, ஊசியை இறுக்கிப் பிடித்து நூலையும் சேர்த்து மேலே தூக்கிவிடும். வளையம் விழாது, ஹூக் வெறுங்கையோடு சுற்றிவிட்டுப் போகும். இதற்கென்றே ஸ்ட்ரெச் ஊசி இருக்கிறது. உறையில் ‘ஸ்ட்ரெச்’ என்றோ ‘ஹெச்ஏ×1எஸ்பி’ என்றோ இருக்கும், அளவு 11/75. சாதா ஊசியில் லைக்ரா தைத்துவிட்டு மெஷினைத் திட்டக் கூடாது.

டைமிங்தானா, அதாவது ஊசியும் ஹூக்கும் சந்திக்கும் நேரம் விலகியதுதானா என்று தெரிய வேறு சோதனை இருக்கிறது. புதிய 14/90 ஊசி, நல்ல பாலியெஸ்டர் நூல், இரண்டு மடிப்புக் காட்டன். அதிலும் தையல் விட்டால் சந்தேகம் நியாயம். ஊசித் தகட்டையும் பாபின் கூட்டையும் எடுத்துவிட்டுக் கைச்சக்கரத்தை மெதுவாகத் திருப்புங்கள். ஊசி ஏறத் தொடங்கும்போது ஹூக்கின் மூக்கு ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே, முதுகுப் பள்ளத்தை உரசாமல், தாள் நுழையும் இடைவெளியில் கடக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே கடந்தாலோ, ஊசி மேலே போன பிறகு நிதானமாக வந்தாலோ டைமிங் விலகியிருக்கிறது. குண்டூசி மேல் ஏற்றித் தைப்பதும், தடித்த மடிப்பில் துணியைப் பின்னாலிருந்து இழுப்பதும்தான் வழக்கமான காரணங்கள்.

நாலு மாதம் என்றால் வாரண்டி இருக்கும். பார்ப்பதோடு நிறுத்துங்கள், ஹூக் திருகைத் தொடாதீர்கள். வெளியாள் கை வைத்த அடையாளம் தெரிந்தால் வாரண்டிக்காரர் தப்பித்துக்கொள்வார்.

ஊசியோட தட்டைப் பக்கம் எங்கே பார்க்கணும்?

இப்போதைய வீட்டு மெஷினில் பின்பக்கம். பழைய கறுப்பு மெஷினில் மாடலுக்கு மாடல் மாறும். நூல் எந்தப் பக்கமிருந்து ஊசிக்குள் நுழைகிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் தட்டை.

ஜப்பான் செகண்ட் ஹேண்ட் மெஷின், புதுசு மாதிரி இருந்துச்சு, 1,200 வெள்ளி. பிளக் மாத்திப் போட்டு சுவிட்சைத் தட்டினதும் கருகின வாடை. செத்துப்போச்சா?

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டுச் சுவரில் 230. பிளக் அடாப்டர் கம்பியின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது.

உடனே தூக்கிப் போடாதீர்கள். பல மெஷின்களில் மின்சாரம் நுழையும் சின்ன பவர் போர்டுதான் முதல் அடியை வாங்கும். அதில் ஃபியூஸும் அதையொட்டிய ஒரு வட்டப் பாகமும் கருகியிருந்தால் சில வெள்ளிப் பொருளில் காரியம் முடியலாம். மெயின் போர்டையும் தாண்டியிருந்தால் கதை முடிந்தது, பாகம் கிடைப்பதும் கஷ்டம். எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடைக்காரரிடம் “பவர் போர்டை மட்டும் முதலில் பாருங்கள்” என்று சொல்லிக் கொடுங்கள்.

பிழைத்து வந்தால் 230-ஐ 100 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மெஷின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் எவ்வளவு என்று பார்த்து, அதைப் போல் இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். 60 வாட் என்றிருந்தால் 150 வாட் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். 110-க்கு இறக்குவது அமெரிக்கப் பொருளுக்கு. ஜப்பான் மெஷினுக்கு 100 என்று கேட்டு வாங்குங்கள்.

எம்பிராய்டரி மெஷின் 4,500 வெள்ளி. பிளவுஸ் முதுகுக்கு முழு டிசைன் போடலாம்னு நெனச்சேன். பிரேம் உள்ளங்கை அளவுதான் இருக்கு. பெரிய பிரேம் வாங்கினா சரியாகுமா?

ஆகாது அம்மா, இதை விற்றவர் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 10×10 சென்டிமீட்டர் என்பது பிரேமின் அளவு மட்டுமில்லை, மெஷினின் கை நகரும் தூரம். நீளமான பிரேம் மாட்டினாலும் ஒரு தடவைக்கு 10×10தான் தைக்கும். பிரேமை நகர்த்தி மாட்டி, துண்டுபோட்ட டிசைனை ஒட்டவைக்கணும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கொடி நடுவில் முறிந்த மாதிரி தெரியும். கை பார்டர், கழுத்தோரப் பூ, குழந்தைகள் பாவாடை இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். முதுகு டிசைன்தான் உங்கள் வியாபாரம் என்றால், புதுக்கருக்கு போவதற்குள் விற்றுவிட்டுப் பெரிய தளம் உள்ளதற்கு மாறுவதே மேல்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். பட்டு, சாட்டினில் பூவைச் சுற்றிச் சுருக்கம் விழுந்தால் துணிக்கு அடியில் வைக்கும் தாள் பற்றவில்லை என்று பொருள். கிழித்தெடுக்கும் தாளை விட்டுவிட்டு வெட்டியெடுக்கும் வகையைப் போடுங்கள். துணியையும் தாளையும் சேர்த்தே பிரேமில் பூட்டுங்கள். பூட்டிய பிறகு ஓரத்தைப் பிடித்து இழுத்து இறுக்கினால், கழற்றியதும் துணி பழைய நிலைக்குச் சுருங்கி டிசைனையும் சேர்த்துச் சுருட்டிவிடும். வேகத்தை நிமிடத்துக்கு 400 தையலுக்கு இறக்குங்கள்.

எங்கம்மா கால் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டே ஓட்டினாங்க. புது மெஷினுக்கும் விடலாமா?

விடாதீர்கள், கால் மெஷினுக்கும்தான். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசின் மாதிரி இறுகும், தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் என்று தண்ணீர் நிறத்தில் விற்பதை வாங்குங்கள். ஏற்கெனவே இறுகிப்போன பழைய மெஷின் என்றால் மூட்டுகளில் ஓரிரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் இல்லாமல் ஓட்டி, கறுப்பாகக் கசிவதைத் துடைத்துவிட்டு, பிறகு நல்ல எண்ணெய் விடணும்.

புது மெஷினில் மேலே இருந்து பாபின் போடும் வகையாக இருந்தால், அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் கூட்டுக்கு எண்ணெய் வேண்டாம். தூரிகையால் பஞ்சைத் தட்டினால் போதும். வாயால் ஊதாதீர்கள், நம் ஊர் ஈரக்காற்று போதாதென்று அதுவும் சேர்ந்து துருவேற்றும்.

சாயங்கால மழையில இடி விழுந்து திரை வெள்ளையா நிக்குது. வாரண்டி வருமா?

இடி மின்னலுக்குப் பெரும்பாலான வாரண்டி அட்டைகள் பொறுப்பேற்பதில்லை. வானம் கறுத்தவுடன் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

அண்ணே, மூணு தடவை கடைக்குக் கொண்டுபோயிட்டேன். ‘செட் பண்ணியாச்சு’ன்னு தர்றாங்க, வீட்டுக்கு வந்தா அதே கதை. மாத்தித் தர மாட்டாங்களாம். ரசீதுல ‘விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது’ன்னு போட்டிருக்கு.

அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்றால் அது செல்லும். பழுதான பொருளுக்கு 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அதிலேயே உள்ள உத்தரவாதம். கடைக்காரர் காகிதத்தில் என்ன அச்சடித்தாலும் அதை விலக்க முடியாது.

ஆனால் ஆதாரம் உங்கள் கையில் இருக்கணும். புது ஊசி, நல்ல நூல், இரண்டு மடிப்புக் காட்டன். ஊசி உறையிலிருந்து பிரிப்பதில் தொடங்கி நூல் கோத்துத் தைப்பது வரை ஒரே மூச்சில் வீடியோ எடுங்கள். நடுவில் வெட்டினால் “நீங்கள் தப்பாகக் கோத்தீர்கள்” என்பார்கள். தைத்த துண்டில் தேதி எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறை கொண்டுபோகும்போதும் சர்வீஸ் சீட்டில் குறை என்ன என்று எழுதச் சொல்லி வாங்குங்கள். ‘செக்’ என்று ஒரு வார்த்தை எழுதிய சீட்டால் பயனில்லை. பிறகு எழுத்தில் கேளுங்கள்: வாங்கிய தேதி, விலை, மூன்று ரிப்பேர் தேதிகள், பணமா மாற்று மெஷினா என்பது, பதிலுக்கு 14 நாள் கெடு.

பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போகணும். வழக்கறிஞர் வைக்க முடியாது, அது உங்களுக்கு நல்லதுதான்.

இடறும் இடம் ஒன்று உண்டு. வீட்டு மெஷின் வாரண்டியில் ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’ என்று இருக்கலாம். கடையில் நின்று “ஒரு நாளைக்குப் பத்து பிளவுஸ் தைக்கிறேன்” என்று நீங்களாகச் சொல்லிவிட்டால் அதையே பிடித்துக்கொள்வார்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. மெஷினின் குறையை மட்டும் பேசுங்கள்.

உண்மையிலேயே ஒரு நாளைக்குப் பத்து பிளவுஸ் தைக்கிறேன். எந்த மெஷின் தாங்கும்?

வீட்டு மெஷின் நிமிடத்துக்கு 700 முதல் 850 தையல் வரை ஓடும். அதையே நாள் முழுக்க ஓட்ட அது செய்யப்படவில்லை. இண்டஸ்ட்ரியல் நேர்த்தையல் மெஷின் நிமிடத்துக்கு 4,000 தையலுக்கு மேல் போகும், எண்ணெய்த் தொட்டியோடு வரும், நேர்த்தையல் தவிர வேறெதுவும் தெரியாது. காஜாவுக்கும் ஜிக்ஜாக்குக்கும் இருக்கிற கம்ப்யூட்டர் மெஷினை வைத்துக்கொண்டு, நேர்த்தையலுக்குப் பழைய இண்டஸ்ட்ரியல் ஒன்று வாங்குங்கள். சர்வோ மோட்டார் உள்ளதாகப் பாருங்கள். பழைய கிளட்ச் மோட்டார் நீங்கள் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே கரண்ட் குடிக்கும், அந்த இரைச்சல் பக்கத்து வீட்டு வரை கேட்கும். ஊசி வேறு வகை, ‘டிபி×1’, உருண்டைத் தண்டு. வீட்டு மெஷின் ஊசி அதில் நிற்காது. மேசை நாலடி நீளம், அறையை அளந்துவிட்டுப் போங்கள்.

பார்க்கப் போகும்போது உங்கள் துணியையே எடுத்துப் போங்கள்: ஜார்ஜெட், லைனிங் காட்டன், பட்டு பார்டர் மடித்த துண்டு. கடைக்காரர் நீட்டும் கஞ்சிபோட்ட வெள்ளைத் துணியில் எந்த மெஷினும் அழகாகத்தான் தைக்கும்.