ஹிட்லரின் நாஜிகள் யூதர்களை அடைத்துக் கொன்ற முகாம்களிலிருந்து உயிர் தப்பிய வயதான பெற்றோரை முதியோர் இல்லத்தில் விடப் பிள்ளைகள் ஏன் தயங்குகிறார்கள்?

பாசம் மட்டுமே காரணமில்லை. மறதி நோயில் பெரும்பாலும் அண்மை நினைவுகள்தான் முதலில் போகும். இளமைக்காலம் நெடுநாள் தங்கும். ஆஷ்விட்ஸ் என்ற நாஜி முகாமில் இருந்த ஓர் அம்மாவுக்கு இளமைக்காலம் என்பதே முகாம்தான். அங்கே நச்சுவாயு அறைகளைக் குளியலறை என்று சொல்லித்தான் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். அதனால் ஷவரைத் திறந்தாலே நடுங்குபவர்கள் உண்டு. சீருடை, நாய் குரைப்பது, சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பது, எதுவும் அந்த நாளைத் திருப்பிக் கொண்டுவரலாம். புதிதாக வந்த பணியாளருக்கு இது எப்படித் தெரியும்? மகளுக்குத் தெரியும். முகாமின் பசியை மறக்காத அம்மா தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்த ரொட்டித் துண்டை அவள் தூக்கி எறிய மாட்டாள். பிற்பாடு கற்ற மொழி மறந்து அம்மா ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் மட்டும் பேசினாலும் அவளுக்குப் புரியும்.

அப்புறம், அந்தப் பெற்றோரில் பலருக்குச் சொந்தபந்தம் யாருமே மிஞ்சவில்லை. கொல்லப்பட்ட தாத்தா பாட்டியின் பெயரைத்தான் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். அந்தப் பெயரோடு வளர்ந்தவருக்கு அம்மாவை வெளியாரிடம் ஒப்படைக்க மனம் வருவது கடினம்.

ஆனால் தனியாகச் சுமக்க வேண்டாம். இஸ்ரேலில் 1987இல் தொடங்கிய அம்கா அமைப்பு இவர்களுக்கு மனநல உதவி தருகிறது. நாஜிகளால் பாதிக்கப்பட்ட யூதர்களுக்கு இழப்பீடு பெற்றுத்தர 1951இல் உருவான கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் என்ற அமைப்பு பல நாடுகளில் வீட்டுப் பராமரிப்புக்கு நிதி கொடுக்கிறது.