கணப்படுப்புக்கு பேர்மிட் வேண்டுமா?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பழைய வீடு. ஹோலில் விறகு எரிக்கும் கணப்படுப்பு வைக்க ஆசை. நகரசபை அனுமதி தேவையா?

பதில்: தேவை. ரொறன்ரோவில் புதிதாகக் கணப்படுப்பு வைத்தாலும், புகைபோக்கியைத் திருப்பிக் கட்டினாலும் பில்டிங் பேர்மிட் எடுக்க வேண்டும். சந்தேகமென்றால் நகரசபையின் 311-க்கு அழையுங்கள். விண்ணப்பம் குறையில்லாமல் இருந்தால், வீடுகளுக்கு 10 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. வேறு நகரமென்றால் அந்த நகரசபையிடம் கேளுங்கள், பக்கத்து வீட்டாரிடம் அல்ல.

கேள்வி: மின்சாரத்தில் ஓடும் கணப்படுப்புக்கு?

பதில்: பிளக்கில் செருகுவதென்றால் ஒன்றும் வேண்டாம். சுவருக்குள் புது வயர் இழுக்க ஆள் பிடிப்பதென்றால் லைசன்ஸ் உள்ள மின் ஒப்பந்தக்காரர் வேண்டும். அவர் அந்த வேலையை ஈ.எஸ்.ஏ. எனும் மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும். ஒன்று சொல்கிறேன்: பிளக்கில் செருகுபவை, விலை எதுவானாலும், ஏறக்குறைய 1500 வாட்தான். என் பேஸ்மென்டில் ஒன்று கிடக்கிறது, பொக்சிங் டே மலிவில் வாங்கியது. சுவாலை அழகாக ஆடும். கால் விறைக்கும்.

கேள்வி: என் மச்சானுக்கு காஸ் வேலை கொஞ்சம் தெரியும். காஸ் கணப்படுப்பை அவரே பூட்டலாமா?

பதில்: காஸ் வேலைக்காரருக்குச் சான்றிதழ் கொடுக்கும் ஒன்ராறியோ அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ.யின் சான்றிதழ் இருந்தால் பூட்டட்டும். இல்லாவிட்டால் சாப்பிட மட்டும் கூப்பிடுங்கள்.

கேள்வி: "பேர்மிட் எடுத்தால் வீண் செலவு, ஒருவரும் எடுப்பதில்லை, காசாகத் தந்தால் வரியும் இல்லை" என்கிறார் விறகு அடுப்பு வைக்க வந்த கொன்ராக்டர். நம்பலாமா?

பதில்: இந்த வசனத்தை எத்தனை பேர் எனக்கு எழுதிவிட்டார்கள்! பேர்மிட் இல்லாமல் செய்த வேலைக்கு நகரசபை உத்தரவு வந்தால் மாட்டுப்படுவது வீட்டுக்காரர். வழக்கானால் முதல் தடவைக்கே 50,000 டொலர் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமுண்டு. அன்றைக்கு அந்த மனிதர் தொலைபேசியை எடுப்பார் என்று நினைக்கிறீர்களா? காசாகக் கொடுத்ததற்கு ரசீதும் இராது.

சரி, பணத்தை விடுங்கள். பேர்மிட் எடுத்தால் நகரசபைப் பரிசோதகர் வந்து பார்ப்பது கடதாசியை மட்டுமல்ல. புகைக்குழாய் கூரைக்குள் ஏறும் இடத்தில் மரச்சட்டம் குழாயில் முட்டுகிறதா என்று பார்ப்பார். தொழிற்சாலையில் செய்த புகைபோக்கிகளுக்குப் பெரும்பாலும் 2 அங்குல இடைவெளி வேண்டும். அவசரக்காரர் மரச்சட்டத்தை ஒட்டியே குழாயை ஏற்றி, டிரைவோல் அடித்து, பெயின்ட் பூசிவிட்டுப் போய்விடுவார். வருடக்கணக்காகச் சூடேறிக் காய்ந்த மரம் ஒரு நாள் பற்றும். இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது 'வெட்' எனும் விறகு அடுப்பு வேலைக்கான சான்றிதழ் உள்ளவரின் பரிசோதனை அறிக்கையை. அதுவும் பேர்மிட்டுக்குப் பதிலாகாது, இரண்டும் வேறு. ஆகவே பேர்மிட் வேண்டாம் என்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

கேள்வி: காஸ் கணப்படுப்பு இருந்தால் கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயமா?

பதில்: கட்டாயம், படுக்கையறைகளுக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு தளத்திலும். 2008-இல் ஒன்ராறியோவின் வுட்ஸ்ரொக் நகரில் காஸ் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டு, ஹோக்கின்ஸ் குடும்பத்தில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் நால்வரும் இறந்தார்கள். அவர்கள் வீட்டில் அலாரம் இல்லை. இந்தச் சட்டம் வந்ததே அதற்குப் பிறகுதான்.

கேள்வி: தனியாக இருக்கும் அம்மாவிடம் வீட்டுக்கு வந்த விற்பனையாளர் கணப்படுப்புக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார். அம்மா அழுகிறார்.

பதில்: அம்மாவை ஏசாதீர்கள், இவர்கள் பேச்சில் மயங்காதவர் குறைவு. வீட்டில் வைத்துக் கையெழுத்தான, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கைக்குக் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்துச் செய்யலாம். சரியான பிரதி தரவில்லையென்றால் ஒரு வருடம் வரை அவகாசம். ரத்துக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் இன்றே அனுப்புங்கள், பிரதியை வைத்திருங்கள்.

கேள்வி: பேர்மிட் இல்லாமல் போன வருடமே வைத்துவிட்டோம். இப்போது வீட்டை விற்கிறோம். வாங்குபவருக்குத் தெரியாமல் சமாளிக்க வழி உண்டா?

பதில்: இல்லை. நகரசபையில் இப்போதாவது விண்ணப்பியுங்கள். சுவரைத் திறந்து காட்டச் சொன்னால் திறக்கத்தான் வேண்டும்.