தொட்டி பளிச்சென்று இருக்கிறது, முள்ளெலிக்குத்தான் முள் உதிர்கிறது

கேள்வி: என் உப்புநீர் மீன் தொட்டிக்கு ஏழு மாதம் ஆகிறது. கற்கள் போக 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். பாசியை ஒழிக்க ஒரு டக்சீடோ கடல் முள்ளெலி (உடம்பெல்லாம் முள் உள்ள உருண்டைக் கடல் உயிரி) வாங்கி விட்டேன். ஒரே மாதத்தில் கண்ணாடி, கல் எல்லாம் சுத்தமாகிவிட்டது. இப்போது கல்லின் மேலிருக்கும் ஊதாப் படிவத்தையும் சுரண்டி வெள்ளையாக்குகிறது. ஒரு வாரமாக முட்கள் உதிர்கின்றன. தினமும் அரை லிட்டர் ஆவியாகிறது. அதற்கு உப்பு கலந்த தண்ணீரையே ஊற்றுகிறேன். இது நோயா? மீன் மருந்து விடலாமா? துணைக்கு நீள முள் வகை ஒன்றும் வாங்கலாமா?

பதில்: மருந்து பாட்டிலை முதலில் மூடி வையுங்கள். மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்கு விற்கும் மருந்துகள் பலவற்றில் காப்பர் இருக்கிறது. மீன் அதைத் தாங்கும், முள்ளெலி தாங்காது. கல்லும் மணலும் காப்பரை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்லக் கசியவிடும் என்பதால், ஒரு தடவை ஊற்றினாலே அந்தத் தொட்டியில் முள்ளெலி வளர்ப்பது சிரமம்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நோய் நினைவே வரவில்லை. அந்த அரை லிட்டர்தான் கண்ணில் பட்டது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், அரை லிட்டரில் நாளுக்கு 17 கிராமுக்கு மேல் கூடுதலாகச் சேர்கிறது. மாதத்துக்கு அரைக் கிலோ! 100 லிட்டரில் அது லிட்டருக்கு 5 கிராம் ஏற்றம். இடையில் தண்ணீர் மாற்றியிருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். மீனுக்குச் செவுளும் சிறுநீரகமும் இருப்பதால் உடம்பின் உப்பைச் சரிக்கட்டிக்கொள்ளும். முள்ளெலிக்கு அந்த வசதி இல்லை. வெளியே என்ன உப்போ அதுதான் உள்ளேயும். அதனால்தான் மீன்கள் ஜோராக நீந்தும் தொட்டியில் இது மட்டும் முள்ளை உதிர்க்கிறது.

ஆகவே இன்றே அளந்து பாருங்கள். உப்பை அளக்க, மிதக்கும் முள் வைத்த ஹைட்ரோமீட்டரை நான் நம்புவதில்லை. ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே தப்புக் கணக்கு காட்டும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் கருவி) வாங்கி, அதற்கென்று விற்கும் 35 அளவுக் கரைசலில் சரிபார்த்துப் பயன்படுத்துங்கள். ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரை 1 என்று வைத்து அளக்கும் அடர்த்தி) 1.025, 1.026 பக்கம் இருக்க வேண்டும். ஏறியிருந்தால் பதறி ஒரே நாளில் இறக்கிவிடாதீர்கள், அதுவும் முள்ளெலியைக் கொன்றுவிடும். உப்பு லிட்டருக்கு 39 கிராம் என்று காட்டினால், தினமும் இரண்டரை லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு அதே அளவு உப்பில்லாத ஆர்.ஓ. நீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நாளுக்கு, லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் இறங்கும். ஆவியாகும் அரை லிட்டருக்கும் இனி வெறும் ஆர்.ஓ. நீர்தான்.

அடுத்தது பட்டினி. முள்ளெலியைத் துப்புரவுக்கு வைத்த ஆள் மாதிரி நினைத்து வாங்குகிறோம். தொட்டி சுத்தமான அன்றைக்கே அதற்குச் சாப்பாடு தீர்ந்தது என்பது நமக்குத் தோன்றுவதில்லை. அதன் வாயில் ஐந்து பற்கள் உண்டு. அந்த அமைப்புக்கு 'அரிஸ்டாட்டிலின் விளக்கு' என்றே பெயர். தேயத் தேய வளரும் அந்தப் பற்களால் கல்லையே சுரண்டும். ஊதாப் படிவமும் ஒருவகைப் பாசிதான், சுண்ணாம்பு ஏறிய பாசி. அதையும் கொஞ்சம் மேய்வது இயல்பு. ஆனால் அதை மட்டுமே மேய்கிறது என்றால், பந்தியில் எல்லாம் தீர்ந்தபின் இலையை வழிக்கிற கதை.

உப்பும் எண்ணெயும் மசாலாவும் சேராத உலர்ந்த நோரித் தாளில் (கடற்பாசித் தாள்) இரண்டு விரல் அகலம் கிழித்து, ஒரு சிறு கல்லில் ரப்பர் பேண்டால் கட்டி, விளக்கு அணைந்தபின் அதன் பக்கத்தில் வையுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மிச்சத்தை மறுநாள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நைட்ரேட் ஏறும். முள்ளெலியின் மேல்ஓடும் முட்களும் கால்சியத்தால் ஆனவை. உதிர்ந்த முள் திரும்ப முளைக்க, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், காரத்தன்மை 8 முதல் 11 டி.கே.ஹெச். இருக்கட்டும்.

பிழைக்குமா என்று கேட்டால், குழாய்க்கால்களை (முட்களுக்கு நடுவே நீளும் ஒட்டும் கால்கள்) பாருங்கள். மெல்லிய நூல் போல நீண்டு கண்ணாடியைப் பிடித்திருந்தால், பிளாஸ்டிக் குச்சியால் தொட்டதும் முட்கள் அந்தப் பக்கம் திரும்பினால், நம்பிக்கை உண்டு. முட்கள் தொங்கி, கால்கள் வெளியே வராமல், ஓட்டில் வழுக்கைத் திட்டுகள் பரவினால் கஷ்டம். இறந்துவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள். அழுகினால் அமோனியா ஏறி மீன்களும் போகும். உயிரோடு இடம் மாற்றும்போது பிடுங்கி இழுக்காதீர்கள், குழாய்க்கால்கள் அறுந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை அடியில் செருகி மெதுவாக நெம்புங்கள்.

டக்சீடோவுக்குத் தலையில் எதையாவது சுமக்கும் பழக்கமும் உண்டு. என் தொட்டியில் இரண்டு நாள் காணாமல் போன தெர்மோமீட்டர் ஒரு முள்ளெலியின் உச்சியில் உலா வந்தது. காலிச் சிப்பி நாலைந்து போட்டு வையுங்கள். ஒட்டாத பவளத் துண்டு இருந்தால் பசை வைத்து ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் அதுதான் அடுத்த தொப்பி.

நீள முள் வகை இப்போது வேண்டாம். இருக்கிற ஒன்றுக்கே பாசி போதவில்லை. தவிர, அதன் முள் மட்டுமே 20 செ.மீ.க்கு மேல் போகும், 100 லிட்டர் தொட்டியில் திரும்பவே இடமிருக்காது. கையில் குத்தினால் முள் உள்ளேயே ஒடியும், லேசான விஷமும் உண்டு. அப்படிக் குத்திவிட்டால் தோல் பொறுக்கிற வெந்நீரில் கையை வைத்திருங்கள், வலி குறையும். மூட்டுப் பக்கம் முள் இறங்கியிருந்தால் நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள்.