ட்ரோன் படிக்க விரும்பும் மகளுக்கு எந்தப் பிரிவு பொருந்தும்?

அன்புள்ள அம்மாவுக்கு,

ட்ரோனும் செயற்கை நுண்ணறிவும் கொண்டு களை கண்டறியும் தொழிலுக்கே போவேன் என்று, சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு மகள் பிடிவாதமாக நிற்பதாகவும், அதற்கான குறுகிய காலப் பயிற்சிக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போது கட்ட வேண்டாம். அவளுடைய விருப்பம் நல்ல விருப்பந்தான். ஆனால் ட்ரோனைப் பறக்கவிடுவது இத்தொழிலில் சிறு பகுதி, அதைப் பிறகும் கற்றுக்கொள்ளலாம்.

கடினமான பகுதி வேறு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய, அதாவது கிளைகளைக் கத்தரித்துக் குறைத்த மலையிலும் புதிதாகக் கன்று நட்ட மலையிலும் மண் வெளியே தெரிவதால், மேலிருந்து எடுத்த படத்தில் பச்சையைக் கணினி எளிதில் பிரித்துவிடும். தேயிலை அடர்ந்து மூடிய மலையில் பச்சைக்குள் பச்சையைத் தேட வேண்டும். செடிமேல் படர்ந்த கொடியை இலையின் வடிவம் கொண்டே அறிய முடியும், செடிக்கு அடியில் முளைத்த புல்லோ படத்தில் விழவே விழாது. இந்த வேறுபாட்டைக் கணினிக்குக் கற்பிக்க, ஏராளமான படங்களில் இது இலுக்குப் புல், இது தேயிலைக் கன்று என்று ஒருவர் ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுக்க வேண்டும். செடியை நேரில் பார்த்துப் பழகியவருக்கே அது பிழையின்றி வரும். தோட்டத்தில் வளர்ந்த உங்கள் மகளுக்கு அந்தக் கைமுதல் ஏற்கெனவே இருக்கிறது.

நம்முடைய சரிவும் ஒரு சிக்கல். மலையின் நடுவிலிருந்து கிளம்பிய ட்ரோன் ஒரே மட்டத்தில் பறந்தால், மேற்பகுதியில் நிழல் மரங்களை உரசப் பார்க்கும், கீழ்ப்பகுதியில் நிலத்தைவிட்டு வெகுவாக விலகிச் சிறு களைகளைத் தவறவிடும். நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கேற்பப் பாதை வகுக்கக் கணிதம் வேண்டும்.

ஆகவே, கணிதத்தில் நல்ல சித்தி இருந்தால் உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவை எடுக்கட்டும். பயிரில்தான் மனம் என்றால் உயிர்முறைமைகள் தொழினுட்பவியலோடு தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலையும் படிக்கட்டும். பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் அத்துறையில் பட்டப்படிப்பு உண்டு. எதுவானாலும், அப்பாடங்களுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று அதிபரிடம் நேரில் கேளுங்கள். ஆசிரியர் இல்லாத பிரிவைப் பெயருக்காக எடுத்து, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி குறைந்து தவித்த மலையகப் பிள்ளைகளை நிறையவே பார்த்திருக்கிறேன். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடப்பதால், ஆங்கில வகுப்பை இன்றே தொடங்குவது நல்லது.

இயந்திரம் வந்தால் நம் சனத்தின் வேலை போய்விடுமே என்றும் எழுதியிருந்தீர்கள். மருந்து தெளிக்கும் கைகளுக்கு வேலை குறையக்கூடும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் 2015இல் கிளைபோசேட் என்ற களைகொல்லி தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டதற்கு இடைப்பட்ட காலத்தில் களையை அடக்கத் தோட்டங்கள் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். களை எங்கே என்று படம் காட்டினால் மருந்தை அந்த இடத்துக்கு மட்டும் அளந்து அடிக்கலாம். செங்குத்தான சரிவில் களையைப் பிடுங்க இன்னும் மனிதர்தான் வேண்டும்.

உயர்தரப் பிரிவுக்கு விண்ணப்பிக்கும் முன், மகளின் கணித, விஞ்ஞானப் பெறுபேறுகளோடு அவளையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.