மகனின் கண்ணாடிக்கும் மனித இனத்தின் எதிர்காலத்துக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இரண்டு பட்டுத் தறி வைத்திருக்கிறேன். 12 வயது மகனுக்குப் போன மாதம் கண்ணாடி போட்டோம். எனக்கும் மனைவிக்கும் பார்வைக் குறை இல்லை. மனைவி என் அக்கா மகள். கண்காட்சியில் சந்தித்த ஒரு முகவர், “மனித இனமே மாறி வருகிறது. சில நூற்றாண்டுகளில் கண் மங்கி, விரல் நீண்டுவிடும். உங்கள் பையனிடம் அது தொடங்கிவிட்டது. 14,000 ரூபாய்க்கு மரபணுச் சோதனை செய்தால் உங்கள் பரம்பரையில் தடுத்துவிடலாம்” என்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள். ரசீது என்றதுமே இவர்களில் பாதிப் பேர் அடுத்த ஊர்க் கண்காட்சிக்குப் போய்விடுவார்கள்.

ஜக்கார்டு அட்டையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அட்டையில் உள்ள துளைதான் முந்தானையில் மாங்காயாகவும் மயிலாகவும் விழுகிறது. நெய்த சேலை வெயிலில் வெளுத்தால் அட்டையின் துளை மாறுகிறதா? மரபணு அந்த அட்டை, உடம்பு சேலை. கைப்பேசி பார்த்துப் பார்த்து மகனின் கண் கெட்டாலும், கட்டைவிரல் காய்த்தாலும், சேலையில் பட்ட கறைதான் அது. பேரனுக்கு அட்டை போகும், கறை போகாது.

அட்டையும் மாறத்தான் செய்கிறது. அதன் துளைகளை எழுத்துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத ஏறத்தாழ 60, 70 புதிய எழுத்துப் பிழைகளோடு பிறக்கிறது. அந்த முகவரும் அப்படித்தான் பிறந்தார். சுமார் 600 கோடி எழுத்துகளில் இது தூசு. அரிதாக ஒரு பிழை, அதை உடையவர்களுக்குக் கூடுதல் பிள்ளைகள் பிழைத்து வளர உதவினால், தலைமுறை தலைமுறையாகப் பரவும். விற்கிற டிசைனுக்குத்தானே நீங்களும் மறுபடி அட்டை அடிக்கிறீர்கள்? பரிணாமம் ஊர்க்கணக்கு. ஒரு பையனிடம் அது ‘தொடங்குவதை’ எந்தச் சோதனையும் காட்டாது.

வேகத்தையும் பாருங்கள். பெரியவர்கள் பாலைச் செரிக்கும் திறன், மாடு வளர்த்த மக்களிடையே கடந்த 10,000 ஆண்டுகளில் பரவியது. தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 400 தலைமுறை. திபெத்தில் 4,000 மீட்டர் உயரத்தில் பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்தவர்களிடம் குறைந்த பிராணவாயுவைத் தாங்கும் மரபணு இருக்கிறது. நம் ஏற்காடு 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி நாலு தலைமுறை காப்பி பறித்தாலும் அட்டையில் ஒன்றும் ஆகாது. கிட்டப்பார்வையோ கிழக்காசிய நகரங்களில் இரண்டே தலைமுறையில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் 80 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. பரிணாமம் இப்படி ஓடாது. விழி ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே பார்வை இரண்டரை, மூன்று பவர் இறங்கும், அவ்வளவுதான் விஷயம். பகல் வெளிச்சத்தில் தினமும் இரண்டு மணி நேரம் விளையாடும் பிள்ளைகளுக்கு இது வருவது குறைகிறது. அதில் கமிஷன் இல்லை, எந்த முகவரும் சொல்லமாட்டார்.

வருங்கால மனிதன் மாறுவான். முன்பு அம்மையும் காலராவும் யார் மிஞ்சுவது என்று முடிவு செய்தன. இப்போது யாருக்கு எத்தனை பிள்ளை என்பதே முக்கியம். ஊர் விட்டு ஊர் பெண் எடுப்பதால் கலப்பும் கூடுகிறது. 2018-ல் சீனாவில் ஒருவர் கருவின் மரபணுவைத் திருத்திக் குழந்தைகள் பிறக்கச் செய்தார், சிறைக்கும் போனார். இந்தியாவில் அதற்கு அனுமதி இல்லை. ஆகவே ‘தடுத்துவிடலாம்’ என்பது பச்சைப் பொய். சோதனை அட்டையைப் படிக்கும், துளையை அடைக்காது.

மரபணுவைப் பற்றி யோசிக்க ஒரே ஒரு காரணம் உண்டு, அது உங்கள் வீட்டில் இருக்கிறது. அக்கா மகளை மணந்தீர்கள். உங்கள் இருவருக்கும் கால்வாசி அட்டை ஒன்றே. ஒவ்வொருவருக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு அட்டை. குறையுள்ள அட்டை ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதே குறை வந்தால் நோய் வெளிப்படும். சொந்தமில்லாத தம்பதியருக்கே நூற்றுக்கு 2, 3 குழந்தைகள் பிறவிக் குறையோடு பிறக்கின்றன. அத்தை மகள், மாமன் மகள் என்றால் ஏறக்குறைய இரு மடங்கு. அக்கா மகள் அதைவிட நெருக்கம். பயப்படாதீர்கள், பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் இருவரும் ஒரே குறையைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. ஒவ்வொரு பிரசவத்திலும்! “முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது” என்று கணக்குப் போட்டு வருபவர்களிடம் இதைச் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றுகிறது.

சென்ற ஆண்டு மலையிலிருந்து தோட்டத் தொழிலாளி ஒருவர் 46 பக்க வண்ண அறிக்கையோடு வந்தார். கைரேகை பார்த்து, மகனுக்குக் கணக்கு வராது, கால்பந்து வரும் என்று எழுதியிருந்தார்கள். பையனுக்குக் கரும்பலகை தெரியவில்லை. 46 பக்கத்தில் அது மட்டும் இல்லை. மருந்துக் கடை வைக்க உரிமம் வேண்டும், பிள்ளையின் தலைவிதியை அச்சடிக்க பிரிண்டர் போதும். உண்மையான சோதனையை விளக்கிச் சொல்ல மரபணு ஆலோசகரைத் தேடி மக்கள் சென்னைக்கும் வேலூருக்கும் பஸ் ஏறுகிறார்கள்.

இந்த வாரமே கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து போட்டு விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் போனால் மகன் தடுமாறுகிறானா, மாலையில் தடம் தெரியவில்லை என்கிறானா என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள். அது பரம்பரை விழித்திரை நோயின் அறிகுறியாக இருக்கலாம். அப்படி இருந்தால் மட்டுமே மரபணுச் சோதனைப் பேச்சு, அதையும் மருத்துவர் எழுதித் தரட்டும். போகும்போது மூன்று தலைமுறையில் பார்வையோ காதோ கெட்டவர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். உங்கள் அம்மாவை அருகில் உட்காரவைத்து எழுதுங்கள். மனைவிக்கும் அவர்தானே பாட்டி, இரண்டு பக்கக் கதையும் அவருக்குத் தெரிந்திருக்கும். மாமனார் பக்கம் மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.