ரோட்டரி பாலிஷர் வாங்குகிறீர்களா? டயலின் மிகக் குறைந்த எண்ணை முதலில் பாருங்கள்

கேள்வி: என் கறுப்பு காருக்கு ஆறு வயது. வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. ரோட்டரி பாலிஷர் வாங்கி நானே சரிசெய்யலாம் என்று நினைக்கிறேன். பார்த்ததில் ஒன்று 1400 வாட்ஸ், 180 மி.மீ. பேட் போடுவது. இன்னொன்று 1000 வாட்ஸ், 150 மி.மீ. எதை எடுக்கலாம்? வீட்டில் ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது, அதிலேயே பேட் மாட்டினால் போதாதா?

பதில்: கிரைண்டரை முதலில் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். 100 மி.மீ. வட்டு போடுகிற சாதாரண கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். பாலிஷ் வேலை பெரும்பாலும் 600-க்கும் 2000-க்கும் இடையிலேயே முடிந்துவிடும். வேகம் குறைக்கும் டயல் வைத்த கிரைண்டர்கள்கூடப் பொதுவாக 3000-க்குப் பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். அந்த வேகத்துக்கு ஃபோம் பேட் தாங்காது, பிய்ந்து பறக்கும். பெயின்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வேகத்துக்கு ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்? எழுதுகிற வெள்ளைத்தாள் ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். அதன் தடிமன் சுமார் 100 மைக்ரான். உங்கள் காரில் நிறத்துக்கு மேல் பளபளப்பாக இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான், அதாவது அந்தத் தாளில் பாதி. நீங்கள் பார்க்கும் கீறல்கள் அந்தப் பாதிக்குள்தான் இருக்கின்றன. பாலிஷ் என்றால் கீறலை நிரப்புவது இல்லை, சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி அதற்குச் சமமாக இறக்குவது. சீவியது திரும்ப வராது.

ரோட்டரி ஒரே அச்சில் நிற்காமல் சுற்றுவதால் சூடு சீக்கிரம் ஏறும். இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. டயல் 1500-இல் இருந்தால், 150 மி.மீ. பேடின் விளிம்பு நொடிக்குக் கிட்டத்தட்ட 12 மீட்டர் ஓடும். அதே 1500-இல் 180 மி.மீ. பேடின் விளிம்பு 14 மீட்டருக்கு மேல். 75 மி.மீ. சின்ன பேட் என்றால் 6 மீட்டர்தான். டயலில் ஒரே எண், பெயின்ட்டுக்கு மூன்று வேறு வேகம். அதனால் பெரிய பேட் போடும் மெஷினுக்கு இன்னும் தாழ்ந்த ஆரம்ப வேகம் வேண்டும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '3000 வரை' என்று இருந்தால் மயங்காதீர்கள். 600-இல் ஆரம்பிக்கிறதா, 1000-இல் ஆரம்பிக்கிறதா என்று தேடுங்கள். 1000-ஐத் தாண்டி ஆரம்பிப்பது எதுவானாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது, அந்த வேகம் நிற்க வேண்டும். எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு இல்லாத மெஷின், அழுத்தினால் திணறும். திணறுகிறதே என்று நாம் டயலை ஏற்றுவோம், கை லேசாகத் தூக்கியதும் அது சீறிக்கொண்டு ஓடும். விளம்பரத்தில் 'நிலையான வேகம்' என்று போட்டிருப்பது இதற்காகத்தான். மெதுவாகத் தொடங்கும் வசதியும் இருக்கட்டும். இல்லையென்றால் ஸ்விட்சைத் தொட்டதும் பேடில் தடவிய காம்பவுண்ட், அதாவது தேய்க்கும் பசை, முழுதும் உங்கள் சட்டையில். வாட்ஸ் என்பது மெஷின் இழுக்கும் மின்சாரம், பாலிஷின் தரம் அல்ல. நீங்கள் சொன்ன 1000 வாட்ஸே ஒரு காருக்குத் தாராளம்.

எடை? ரோட்டரிகள் ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ. பானட் மேல் வைத்து ஓட்டும்போது அது தெரியாது. கதவுக்கு வந்து பக்கவாட்டில் பிடிக்கும்போதுதான் தோள் பேசும். கை சோர்ந்தால் பேட் சாயும், சாய்ந்த பேட் ஒரே ஓரத்தில் அழுத்தும். வாங்கும் முன் மெஷினைக் கதவு உயரத்தில் இரண்டு நிமிடம் பிடித்து நின்று பாருங்கள்.

ஆகவே 150 மி.மீ.தான் என் ஓட்டு. இப்போதைய கார்களில் தட்டையான இடமே குறைவு, எங்கு பார்த்தாலும் மடிப்பும் வளைவும். 150 மி.மீ. பேடுக்கு 125 மி.மீ. பேக்கிங் பிளேட், அதாவது பேடை மெஷினோடு இணைக்கும் தட்டு, பொருந்தும். மெஷினின் திருகு எம்14-ஆ வேறு அளவா என்று பார்த்து பிளேட் வாங்குங்கள். பேட் இரண்டு வகை போதும்: நடுத்தர ஃபோம், மென்மையான ஃபோம். கம்பளி பேட் வேகமாகச் சீவும், உங்கள் வேலைக்கு இப்போது அது வேண்டாம்.

சரி, இவ்வளவு சொன்னபின் ஒன்று கேட்கிறேன்: உங்களுக்கு ரோட்டரிதான் வேண்டுமா? பழைய கீறல் போனாலும், கை பழகாதவர்கள் ஓட்டிய ரோட்டரி கறுப்பில் மினுமினுக்கும் புதிய சுழல் கோடுகளை விட்டுப்போகும். நிழலில் தெரியாது, வெயிலில் காரைத் திருப்பினால் கூடவே நகரும். ஒரே கார், வருஷத்துக்கு ஒருமுறை என்றால் 15 மி.மீ. ஆட்டம் உள்ள டூயல் ஆக்‌ஷன் மெஷினை வாங்குங்கள். சுற்றிக்கொண்டே ஆடுவதால் சூடு குறைவு, தவறுக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கும். நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்.

இல்லை, ரோட்டரியே கற்றுக்கொள்கிறேன் என்றால், கழித்துப்போட்ட பழைய பானட் ஒன்றில் தொடங்குங்கள். நான் கற்றுக்கொண்ட காலத்தில் கதவின் மடிப்புக் கோட்டில் பேடைச் சாய்த்து ஒரு கணம் நின்றுவிட்டேன். துடைத்துப் பார்த்தால் அடியில் சாம்பல் நிற பிரைமர். விரல் அகலத்துக்கு ஒரு கோடு, அதற்காக முழுக் கதவுக்கும் பெயின்ட். விளிம்புகளில் பெயின்ட் இயல்பாகவே மெல்லியது. மாஸ்கிங் டேப் ஒட்டாமல் இன்றுவரை நான் மெஷினைத் தொடுவதில்லை.

உங்கள் காரில் முதலில் ஒரு சாண் சதுரம் மட்டும் செய்து பாருங்கள். மென்மையான பேட், குறைந்த காம்பவுண்ட், 600-இல் பரப்பி 1200-க்கு ஏற்றுங்கள். பேட் மட்டமாகவும் நகர்ந்துகொண்டும் இருக்கட்டும். அந்தச் சதுரத்தின் மேல் பேடை இரண்டு மூன்று தடவை ஓட்டியதும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இதமான சூடு பரவாயில்லை, கை தானாக விலகினால் நிறுத்துங்கள். நகத்தால் வருடும்போது தடுக்கிற கீறலை அப்படியே விடுங்கள், அதைத் துரத்தினால் கிளியர் கோட் மிஞ்சாது. பம்பர் பிளாஸ்டிக், சூட்டை வெளியே விடாது. அங்கே முதல் தடவை கையாலேயே தேய்த்துக்கொள்ளுங்கள்.