டோஸ் எவ்வளவு என்று கேட்பது உங்கள் உரிமை: கதிர்வீச்சுப் பணியாளர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கல்பாக்கம், கூடங்குளம் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தவை. உடல் பெறும் கதிர்வீச்சின் அளவை, அதாவது டோஸை, பதிவுசெய்யும் டிஎல்டி என்ற பேட்ஜைப் பலரும் அணிகிறார்கள். அந்த பேட்ஜ் என்ன சொன்னது என்று அறிந்தவர்கள் மிகக் குறைவு.

டிஎல்டியில் 12 வந்திருக்கிறது என்று சொன்னார்கள். இது ஆபத்தா?

12 என்ன? டோஸின் அலகான மில்லிசீவர்ட்டா, அதில் நூறில் ஒரு பங்கான மில்லிரெம்மா? ஒரு மாதத்திலா, ஓர் ஆண்டிலா, பணியில் சேர்ந்த நாள் முதலா? இவை எதையும் எழுதாமல் ஆபத்தா என்று மட்டும் கேட்டால் பதில் சொல்ல வழியில்லை. 12 மில்லிரெம் என்றால் அது 0.12 மில்லிசீவர்ட், மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஒரு மனிதர் ஆண்டுக்குச் சராசரியாகப் பெறும் 2.4 மில்லிசீவர்ட்டில் இருபதில் ஒரு பங்கு. 12 மில்லிசீவர்ட் என்றால், அது ஓர் ஆண்டுக் கணக்காக இருந்தாலும் வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஒரே மாதத்தில் வந்திருந்தால், என்ன வேலையில் வந்தது என்று உங்களை அழைத்து விசாரித்திருக்க வேண்டும். நம் நாட்டில் வரம்பு, தொடர்ச்சியான ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 100 மில்லிசீவர்ட், அவற்றில் எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது. எண்ணை எழுதும்போது அலகையும் காலத்தையும் சேர்த்து எழுதுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் வெறும் எண்ணோடு கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

பைக்குள் வைத்துக்கொள்ளும் டோசிமீட்டர் காட்டிய தினசரி எண்களைக் கூட்டினால், மாத டிஎல்டி அறிக்கையோடு பொருந்தவில்லை. எதை நம்புவது?

இரண்டுக்கும் வேலை வேறு. உடனுக்குடன் எண் காட்டும் கருவி, அன்றைய வேலையை எப்போது நிறுத்த வேண்டும் என்று முடிவெடுப்பதற்கானது. பதிவேட்டில் ஏறுவது டிஎல்டியின் எண். சிறு வேறுபாடு இயல்பு. ஒன்று மற்றொன்றைப் போல இரு மடங்கு காட்டினால், நிலையத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஹெல்த் பிசிக்ஸ் பிரிவிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். தினசரி எண்ணைக் குறித்து வைத்த உங்கள் பழக்கம் மிக நல்லது, அதை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு டிஎல்டியில் எப்போதும் பூஜ்யம்தான் வருகிறது. பிறகு ஏன் மாதந்தோறும் சிறுநீர் கேட்கிறார்கள்?

எந்த நிலையம் என்று எழுதவில்லை. கனநீர் உலைதான், அதாவது கனமான வகை ஹைட்ரஜன் கொண்ட நீரைப் பயன்படுத்தும் அணு உலைதான், என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். கல்பாக்கத்தில் உள்ளது போன்ற கனநீர் உலைகளில் டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் உருவாகிறது. அது வெளியிடும் பீட்டா கதிர் மிகவும் வலுவற்றது. தோலின் மேலடுக்கைக்கூடத் துளைக்காது, ஆகவே மார்பில் தொங்கும் பேட்ஜுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் டிரிட்டியம் கலந்த நீராவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போனால் உடலின் நீர் முழுவதிலும் பரவிவிடும். அதைக் கண்டுபிடிக்க சிறுநீர்ப் பரிசோதனையே வழி. உள்ளே போனதில் பாதி, ஏறத்தாழ பத்து நாள்களில் வெளியேறிவிடும். நிறைய நீர் அருந்தினால் இன்னும் விரைவாக வெளியேறும். மாதிரி கொடுப்பதைத் தள்ளிப்போட்டால் அளவிடுவதற்கு எதுவும் மிஞ்சாது என்பதும் இதனால்தான்.

2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா நிலையத்தில் குடிநீர்க் குளிரூட்டியில் யாரோ டிரிட்டியம் கலந்த கனநீரைச் சேர்த்ததும், ஐம்பதுக்கும் மேற்பட்ட பணியாளர்களின் உடலில் அது சென்றதும் வெளிச்சத்துக்கு வந்தது வழக்கமான சிறுநீர் மாதிரிகளால்தான். அவர்களுடைய டிஎல்டி அதைச் சொல்லியிருக்க முடியாது. ஆகவே பேட்ஜில் பூஜ்யம் என்பதைப் பெற்ற டோஸே பூஜ்யம் என்று படிக்காதீர்கள். உங்கள் மொத்த டோஸ் என்பது வெளிப்புற எண்ணும் உட்புற எண்ணும் சேர்ந்தது. அறிக்கையில் இரண்டும் தனித்தனியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நான் ஒப்பந்தத் தொழிலாளி. உலை நிறுத்தக் காலத்தில் குழாய்களுக்கு இன்சுலேஷன் பிரித்துப் போடும் வேலை. மூன்று ஆண்டுகளில் மூன்று ஒப்பந்ததாரர்களிடம் வேலை செய்துவிட்டேன். டோஸ் கேட்டால் ‘எல்லாம் லிமிட்டுக்குள்தான் இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மேற்கொண்டு கேட்கலாமா?

கேட்கலாம் என்று மட்டுமன்று, கட்டாயம் கேட்க வேண்டும். ‘லிமிட்டுக்குள் இருக்கிறது’ என்பது ஒரு பதிலே அன்று. ஓர் ஆண்டில் பூஜ்யம் பெற்றவரும் லிமிட்டுக்குள்தான், 14 மில்லிசீவர்ட் பெற்றவரும் லிமிட்டுக்குள்தான். முதலாமவர் இந்த ஆண்டு இன்னும் எவ்வளவோ வேலை செய்யலாம், இரண்டாமவர் அடுத்த வேலைக்குள் நுழைவதற்கு முன் யோசிக்க வேண்டும். அதிலும் தற்காலிகப் பணியாளர்களுக்கு நடைமுறையில் ஆண்டுக்கு 15 மில்லிசீவர்ட் என்ற இறுக்கமான அளவுதான் வைக்கப்படுகிறது என்னும்போது, அந்த 14 எவ்வளவு பெரிய எண் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊதியத்தைக் கேட்டவரிடம் ‘சட்டப்படியான கூலிக்கு மேல்தான் போட்டிருக்கிறோம்’ என்று சொல்லி, தொகையைச் சொல்லாமல் அனுப்பினால் யாராவது ஒப்புக்கொள்வார்களா?

இது தயவைப் பொறுத்த விஷயமும் அன்று. 2004-ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள், பணியாளருக்கு அவருடைய டோஸ் பதிவையும் உடல்நலப் பதிவையும் ஆண்டுதோறும், அவர் கேட்கும்போதெல்லாம், வேலையை விட்டுப் போகும்போது என மூன்று சமயங்களிலும் கொடுக்க வேண்டிய கடமையை வேலை கொடுப்பவர்மீது வைக்கின்றன. புதிதாக ஒருவரைக் கதிர்வீச்சுப் பணியில் சேர்ப்பவர், அவருடைய பழைய டோஸ் பதிவை முந்தைய இடத்திலிருந்து பெற வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. ஒப்பந்ததாரர் மாறினாலும் உடல் ஒன்றுதான். டோஸ் அந்த உடலோடுதான் போகிறது.

நான் பணியில் இருந்த நாள்களில் மிகவும் வருந்தியது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். ஒரே ஆள், ஓர் ஒப்பந்தத்தில் தந்தை பெயரின் முதலெழுத்தோடும், அடுத்ததில் அது இல்லாமலும், மூன்றாவதில் வேறு பிறந்த தேதியோடும் பதிவாகியிருப்பார். தாளில் மூன்று பேர், மூவருக்கும் சொற்ப டோஸ். கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டியவருக்கோ எண்ணே தெரியாது. பேட்ஜுக்குள் இருக்கும் மூன்று சிறிய வெள்ளை வில்லைகளும், அவற்றைச் சூடாக்கி ஒளியை அளக்கும் கருவியும், அதை இயக்கும் ஆய்வுக்கூடப் பணியாளரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்துமுடித்த பிறகு, கடைசியில் ஒரு துண்டுத் தாளை உரியவர் கையில் கொடுக்கும் இடத்தில் எல்லாம் வீணாகிறது. நிரந்தரப் பணியாளர்களிடம் இது குறைவு. கூடுதல் டோஸ் உள்ள வேலைகளுக்கு அதிகம் அனுப்பப்படும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம்தான் அதிகம் என்பது என் மனத்தை இன்றும் உறுத்துகிறது.

வேலைக்கு முன்னால் தெரிவிப்பதும் இதில் அடங்கும். 2003 ஜனவரியில் கல்பாக்கத்தில் பயன்படுத்திய அணு எரிபொருளை மறுசெயலாக்கம் செய்யும் ஆலையில், குறைந்த கதிரியக்கமுள்ள கழிவு என்று நினைத்து மாதிரி எடுத்தபோது, வால்வு ஒன்று பழுதாகி அதிகக் கதிரியக்கமுள்ள திரவம் அந்தத் தொட்டிக்குள் வந்திருந்தது. அந்த இடத்தில் அதைக் காட்டும் கண்காணிப்புக் கருவி இல்லை. ஆறு பணியாளர்கள் ஆண்டு வரம்பைப் பல மடங்கு தாண்டிய டோஸ் பெற்றார்கள். அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். எதன் அருகில் நிற்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளோ கருவியோ இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது: மூன்று ஒப்பந்ததாரர்களின் பெயர், காலம், அப்போதைய பேட்ஜ் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, நிலையத்தின் ஹெல்த் பிசிக்ஸ் பிரிவுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள், நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். ஒப்பந்ததாரரோடு நின்றுவிடாதீர்கள், நுழைவுப் பதிவும் டோஸ் பதிவும் நிலையத்திடமும் உள்ளன. பதில் வராவிட்டால் மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதுங்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் தேசிய அளவிலான டோஸ் பதிவகமும் இருக்கிறது. எண்ணை அலகோடு, எழுத்தில் வாங்குங்கள்.

கருவுற்றிருக்கிறேன். அலுவலகத்தில் சொல்வதா, மூன்று மாதம் போகட்டும் என்று காத்திருப்பதா?

இன்றே சொல்லுங்கள். நீங்கள் அறிவித்த நாளிலிருந்துதான் கருவுக்கு 1 மில்லிசீவர்ட் என்ற வரம்பு நடைமுறைக்கு வரும். அறிவிக்கும்வரை உங்களுக்கு மற்றவர்களின் வரம்பே பொருந்தும். வாய்மொழியாக வேண்டாம்.

அப்பா 25 ஆண்டுகள் அணுமின் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றார். இப்போது புற்றுநோய். கதிர்வீச்சுதான் காரணமா? பழைய பதிவெல்லாம் அழிந்திருக்குமா?

உங்கள் தந்தையின் நோய் குறித்து வருந்துகிறேன். பதிவுகள் அழிந்திருக்கக் கூடாது: பணியாளர் 75 வயது அடையும்வரையும், கதிர்வீச்சுப் பணி முடிந்த பின் 30 ஆண்டுகளுக்குக் குறையாமலும் அவை காக்கப்பட வேண்டும். அவருடைய கையொப்பத்தோடு மொத்த வாழ்நாள் டோஸைக் கேளுங்கள்.

காரணம் என்ற கேள்விக்கு ஒரு தனிமனிதரின் விஷயத்தில் ஆம், இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்பவர்களை நம்பாதீர்கள். பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அணுசக்திப் பணியாளர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த இன்வொர்க்ஸ் ஆய்வு, டோஸ் கூடக்கூடப் புற்றுநோய் மரண வீதமும் சிறிது கூடுவதைக் காட்டுகிறது. பாதுகாப்புக் கணக்குகளில் பயன்படும் தோராயப்படி, 100 மில்லிசீவர்ட் பெற்றவருக்குக் கூடுதலாக வரும் ஆபத்து அரை சதவீதம். கதிர்வீச்சுப் பணியே செய்யாதவர்களுக்கும் இருக்கும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு பெரியது. அரை சதவீதம் என்பதால் அது ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. அவருடைய எண் 20-ஆ 200-ஆ என்று தெரிந்த பின்தான் மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ பொருளுள்ள எதையும் பேச முடியும்.

மருத்துவமனையில் சிடி ஸ்கேன் எடுக்கும்போது பேட்ஜ் அணிந்திருந்தேன். அதையும் சேர்த்துவிடுவார்களா?

சேர்த்துவிடுவார்கள், நீங்கள் சொல்லாவிட்டால். நோயாளியாகப் பெறும் டோஸ் பணி டோஸில் சேராது. பேட்ஜ் நிலையத்தை விட்டு வெளியே வந்ததே தவறு. ஸ்கேன் எடுத்த தேதியையும் மருத்துவமனைச் சீட்டின் நகலையும் இணைத்து, அந்த மாதப் பதிவைத் திருத்தும்படி ஹெல்த் பிசிக்ஸ் பிரிவுக்கு உடனே எழுதுங்கள். திருத்திய எண் அறிக்கையில் ஏறியதா என்று அடுத்த மாதம் பாருங்கள்.